யன்னலைத் திறந்தால் சூடும் போயிடும்

தை மாதக் குளிரில் மேலங்கியைக் கழற்றாமலே பின்வரிசையில் நண்பர்கள் சிலர் அமர்ந்திருக்கிறார்கள். இன்றைய பொருள் முதலில் அவர்களுக்குத்தான் விளங்கும்.

பொருள் இதுதான். லண்டனிலும் இங்கிலாந்தின் மற்ற ஊர்களிலும் வாடகைக்கு விடப்படும் பழைய வீடுகள். அந்த வீடுகளுக்கு அரசாங்கம் கொடுத்திருக்கும் ஓர் எழுத்து. அந்த எழுத்தை உயர்த்த என்ன செய்யலாம், எதை முதலில் செய்யலாம், எதை அவசரப்பட்டுச் செய்யக் கூடாது.

ஒரு வீட்டை மனக்கண்ணில் நிறுத்திப் பாருங்கள். ஈஸ்ட்ஹாம். 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் வரிசையாகக் கட்டிய செங்கல் வீடுகளில் ஒன்று. முன்னால் வளைந்த யன்னல், பின்னால் குசினி, மேலே இரண்டு அறை. வீட்டுக்காரர் எண்பதுகளில் வந்தவர். கடையில் நின்று உழைத்து வாங்கிய வீடு. குடியிருப்பவர் போன வருடம் வந்த இளைஞர், மனைவி, ஒரு கைக்குழந்தை. படுக்கையறை மூலையில், அலுமாரிக்குப் பின்னால், சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம். இளைஞர் போன் எடுக்கிறார்.

“அண்ணை, சுவரெல்லாம் கறுத்துப் போச்சு. பிள்ளைக்கு இருமல் விடுதில்லை.”

“யன்னலைக் கொஞ்சம் திறந்து விடும் தம்பி. காத்து வந்தால் பூஞ்சணம் போயிடும்.”

“யன்னலைத் திறந்தால் சூடும் போயிடும் அண்ணை. கேஸ் காசு ஆர் கட்டுறது?”

இந்த மண்டபத்தில் பாதிப் பேர் சிரிக்கிறீர்கள். சிரித்தவர்களில் சிலர் அண்ணை, சிலர் தம்பி. இருவர் சொன்னதும் உண்மை என்பதுதான் இதில் உள்ள சங்கடம். காற்று வராவிட்டால் பூஞ்சணம் போகாது. காற்று வந்தால் சூடு நிற்காது. அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. யன்னல் பூட்டியிருக்கும்போதே அந்த வீட்டின் சூடு எங்கே போகிறது?

அந்தக் கேள்விக்குப் பதில் எழுதிய கடதாசி ஒன்று அந்த வீட்டுக்கு ஏற்கெனவே இருக்கிறது. ஈ.பி.சி. என்று எல்லோரும் சொல்லும் எரிசக்திச் சான்றிதழ். வீடு விற்பவர்களுக்கு 2007இல் வந்தது. வாடகைக்கு விடுபவர்களுக்கு 2008 ஒக்டோபரில் வந்தது. பத்து ஆண்டு செல்லும். நூற்றுக்கு இத்தனை என்று வீட்டுக்கு ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்கு ஓர் எழுத்து. 92உம் அதற்கு மேலும் ஏ. 69 முதல் 80 வரை சி. 55 முதல் 68 வரை டி. 39 முதல் 54 வரை ஈ. 21 முதல் 38 வரை எஃப். அதற்கும் கீழே போனால் ஜி. பள்ளிக்கூட ரிப்போட்டைப் போலத்தான். பிள்ளையின் ரிப்போட்டை வரிவரியாக வாசிக்கிறவர்கள் வீட்டின் ரிப்போட்டைக் கட்டி லாச்சிக்குள் வைத்துவிடுகிறார்கள்.

இந்தப் புள்ளி எதை அளக்கிறது? பலர் நினைப்பதுபோல் குடியிருப்பவரின் பில்லை அல்ல. யார் குடியிருந்தாலும், எத்தனை பேர் குடியிருந்தாலும் புள்ளி மாறாது. இருக்கும் அறையை 21 பாகை வெப்பத்தில் வைத்திருக்கவும் சுடுநீருக்கும் விளக்குக்கும் ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு காசு போகும் என்று கணக்குப் போடுகிறார்கள். சுவர், கூரை, யன்னல், பொயிலர், எந்த எரிபொருள் என்பவற்றை வைத்துத்தான் அந்தக் கணக்கு. ஆகவே அது வீட்டின் குணத்தை அளக்கிறது. ஆளின் குணத்தை அல்ல. “வாடகைக்கு இருக்கிறவை ஹீட்டிங்கை வீணாக்கினம்” என்று சொல்லும் அண்ணைமார் இதைக் கவனிக்க வேண்டும்.

இனிச் சட்டம். நீண்ட கதை, சுருக்கமாகப் போவோம். 2015இல் விதி எழுதினார்கள். 2018 ஏப்ரல் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எஃப், ஜி வீட்டைப் புதிதாக வாடகைக்கு விட முடியாது. 2020 ஏப்ரல் 1 முதல் ஏற்கெனவே ஆள் இருக்கும் வீட்டுக்கும் அதே விதி. மீறினால் ஒரு வீட்டுக்கு 5,000 பவுண் வரை தண்டம். அதே நேரம், ஈ எழுத்தை எட்டுவதற்காக 3,500 பவுணுக்கு மேல் செலவழிக்க வேண்டியதில்லை. அந்தத் தொகைக்குள் எட்டாவிட்டால் பதிவேட்டில் பதிந்து ஐந்தாண்டு விலக்குப் பெறலாம்.

பிறகு சி என்ற எழுத்தைப் பற்றிய இழுபறி தொடங்கியது. 2025க்குள் சி என்று 2020இல் ஒரு முன்மொழிவு. 2023 செப்டெம்பரில் பிரதமர் ரிஷி சுனக் அதைக் கைவிட்டார். வீட்டுக்காரர்கள் பெருமூச்சு விட்டார்கள். 2025 பெப்ரவரியில் புதிய அரசாங்கம் அதையே மீண்டும் மேசையில் வைத்தது: 2030க்குள் சி, வீடு ஒன்றுக்குச் செலவு எல்லை 15,000 பவுண் என்று முன்மொழிந்தது. முன்னும் பின்னுமாக ஆடும் இந்த ஊஞ்சலைப் பார்த்துவிட்டு, “இதுகும் மாறும், பொறுத்துப் பார்ப்பம்” என்று இருப்பவர்கள் உண்டு. சட்டம் பொறுக்கலாம். அந்தப் பிள்ளையின் இருமல் பொறுக்குமா?

சரி, கேள்விக்கு வருவோம். சூடு எங்கே போகிறது?

வீட்டுக்கு வெளியே வந்து வீதியில் நின்று சுவரைப் பாருங்கள். பூச்சு இல்லாத செங்கல் சுவர். எல்லாக் கல்லும் நீளவாட்டில் மட்டும் வரிசையாகத் தெரிந்தால், அது பெரும்பாலும் நடுவில் வெளி விட்டுக் கட்டிய இரட்டைச் சுவர். நீளம், கட்டை, நீளம், கட்டை என்று கற்கள் மாறி மாறித் தெரிந்தால் அது முழுச் சுவர். அந்தக் கட்டைக் கல், சுவரின் குறுக்கே உள்ளே போகும் கல்லின் தலை. வெளியே தெரிகிற அதே கல்லின் மறுமுனை, சாந்துப் பூச்சுக்குப் பின்னால் உங்கள் படுக்கையறையில் இருக்கிறது. ஒன்பது அங்குலக் கல். அதற்கப்பால் மார்கழிக் குளிர். பிரித்தானியாவில் இப்படி முழுச் சுவர் வீடுகள் 80 இலட்சத்துக்கு மேல். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் சூட்டை உள்ளே நிறுத்தும் காப்பு எதுவும் இல்லை. தனியார் வாடகை வீடுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று 1919க்கு முன் கட்டியது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

காப்பில்லாத வீட்டில் சூட்டின் மூன்றில் ஒரு பங்கு சுவரால் போகிறது. கால் பங்கு கூரையால் போகிறது. மிச்சம் யன்னல், தரை, கதவிடுக்கு, புகைபோக்கி. அந்தச் சுவரில்தான் பூஞ்சணமும் வருகிறது. ஐஸ் போட்ட செம்பு வெளியில் வியர்ப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதே வேலைதான். புட்டுப் பானையின் ஆவி, குளிக்கும் சுடுநீர், ரேடியேட்டரில் காயும் பிள்ளையின் உடுப்பு, நித்திரையில் மூன்று பேர் விடும் மூச்சு, எல்லாம் போய் வீட்டிலேயே குளிரான இடத்தில் வியர்வையாகப் படிகிறது. அலுமாரிக்குப் பின்னாலுள்ள மூலைதான் அந்த இடம்.

அப்படியானால் சுவரில் தொடங்குவதா? இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். சுவரில் தொடங்காதீர்கள். கூரையில் தொடங்குங்கள்.

கூரையில் ஏன்? செலவு குறைவு, வேலை ஒரு நாள், தவறு நடக்க இடம் குறைவு, புள்ளி ஏறுவது நிச்சயம். லொஃப்டுக்குள் ஏணி வைத்து ஏறிப் பாருங்கள். எண்பதுகளில் விரித்த மஞ்சள் கம்பளி ஒன்று மரச்சட்டங்களுக்கிடையில் நசுங்கிக் கிடக்கும். மேலே பழைய சூட்கேஸ், கலியாண அல்பம், ஊருக்கு அனுப்பக் கட்டி அனுப்பாமலே விட்ட பெட்டி. 100 மில்லிமீட்டர் தடிப்பு இருந்தால் பெரிய விஷயம். இன்று சொல்லப்படும் அளவு 270. சட்டங்களுக்கிடையில் 100, அதன்மேல் குறுக்குவாட்டில் 170. ஏறும் வாசலின் மூடிக்கும் காப்பு வேண்டும்; மூடியை மறந்தால் கம்பளிச் சட்டை போட்டுத் தொப்பி போடாத கதை. ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: கூரை விளிம்பில் காற்று வரும் இடைவெளியைக் கம்பளியால் அடைக்காதீர்கள். அங்கே காற்று ஓடாவிட்டால் கூரை மரம் நனையும்.

இந்த இடத்தில் ஒரு பக்கக் கதை. நம்மவர்களின் வீடுகளில் லொஃப்டே இல்லாமல் போய்விடுகிறது. அங்கே அறை வந்துவிடுகிறது. பிள்ளைகள் கூடினால் கூரைக்குள் ஓர் அறை, வாடகை கூடினால் கூரைக்குள் ஓர் அறை. பழைய நாளில் அனுமதி எடுக்காமல் பலகை அடித்துக் கட்டிய அறைகளில் சரிவுக்குள் காப்பு இருக்கிறதா என்று கட்டியவருக்கே தெரியாது. சான்றிதழ் எழுத வருபவர் சுவரை உடைத்துப் பார்க்க மாட்டார். கண்ணுக்குத் தெரியாததற்கும் கையில் பத்திரம் இல்லாததற்கும் அவர் வீட்டின் வயதை வைத்து ஓர் ஊகத்தை எழுதுவார். அந்த ஊகம் பெரும்பாலும் கஞ்சத்தனமானது.

ஆகவே, ஒரு பவுண் செலவில்லாமல் புள்ளி ஏற்றும் வழி ஒன்று உண்டென்றால் அது பில்லைப் பத்திரமாக வைத்திருப்பது. சுவருக்குள் நிரப்பிய காப்பின் உத்தரவாதக் கடதாசி, கூரை அறைக்குக் கவுன்சில் தந்த கட்டட அனுமதிச் சான்று, பலகை அடிக்குமுன் எடுத்த படம், யன்னல் மாற்றிய ஆண்டு. 2025 ஜூனில் கணக்கு முறை மாறியபின் ஒவ்வொரு யன்னலையும் தனித்தனியே அளக்கிறார்கள். பத்து ஆண்டுக்கு முன் எழுதிய சான்றிதழை நம்பி இருப்பவர்கள் புதிதாக எடுக்கும்போது எழுத்து மேலேயும் போகலாம், கீழேயும் வரலாம்.

கணக்கு மாறுவதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பழைய முழுச் சுவர் ஒன்றில் சூடு எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்பதற்கு ஓர் எண் வைத்திருந்தார்கள்: 2.1. ஆய்வாளர்கள் உண்மையான சுவர்களில் கருவி ஒட்டி அளந்தார்கள். சுவர்கள் அவ்வளவு மோசமில்லை என்று தெரிந்தது. 2017இல் அந்த எண்ணை 1.7 ஆக்கினார்கள். ஒரு செங்கலையும் யாரும் தொடவில்லை. நாடு முழுக்கப் பழைய வீடுகளின் கணக்கு ஒரே நாளில் கொஞ்சம் நன்றாகிவிட்டது! எழுத்தை மதிக்கலாம், ஆனால் எழுத்துத்தான் வீடு என்று நினைத்துவிடக் கூடாது.

கூரைக்கு அடுத்தது சின்னச் சின்ன வேலை. சுடுநீர்த் தாங்கி இருந்தால் அதற்கு 80 மில்லிமீட்டர் தடிப்பில் ஒரு சட்டை. மின்குமிழ் எல்லாம் எல்.ஈ.டி. ரேடியேட்டர்தோறும் வெப்பம் கட்டுப்படுத்தும் திருகு, விறாந்தையில் தேர்மொஸ்டாட், நேரம் வைக்கும் கருவி. பொயிலர் 2005க்கு முந்தியதென்றால் அதை மாற்றுவது பெரிய பாய்ச்சல். அந்த ஆண்டு ஏப்ரலிலிருந்துதான் புகையோடு போகும் சூட்டையும் பிடித்து வைக்கும் கொண்டென்சிங் பொயிலர் கட்டாயமாயிற்று. கதவிடுக்கையும் யன்னலிடுக்கையும் அடைப்பதற்குப் புள்ளி அதிகம் கிடைக்காது. ஆனாலும் அடையுங்கள். கதவடியில் சாக்குச் சுருட்டி வைத்துப் படுக்கிறவருக்குப் புள்ளி முக்கியமில்லை.

ஹீட் பம்ப் என்று கேட்பீர்கள். நல்ல பொருள்தான். வீட்டுக்காரருக்கும் 7,500 பவுண் அரச உதவி உண்டு. ஆனால் புள்ளி காசுக் கணக்கு என்று முதலில் சொன்னது நினைவிருக்கட்டும். ஓர் அலகு மின்சாரம் ஓர் அலகு கேஸைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு விலை. ஆகவே கேஸ் பொயிலரைக் கழற்றி ஹீட் பம்ப் பூட்டியும் எழுத்து ஏறாமல் நின்ற வீடுகள் உண்டு. சூழலுக்கு நல்லது, சான்றிதழுக்குச் சும்மா. அந்தக் குறையைச் சொல்லித்தான் சான்றிதழின் முறையையே மாற்ற வேலை நடக்கிறது.

கடைக்கு மேல் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். கீழே பலசரக்கு, மேலே இரண்டு அறை, கேஸ் இல்லை, சுவரில் தொங்கும் சாதாரண மின் ஹீட்டர். எஃப், ஜி எழுத்துகள் குடியிருக்கக்கூடிய இடம் அது. அங்கே இரவில் மலிவு மின்சாரத்தில் சூட்டைச் சேமித்துப் பகலில் விடும் புதிய வகை ஸ்டோரேஜ் ஹீட்டர் பூட்டினால் எழுத்து நன்றாக ஏறும். மின்சாரக் கம்பனியிடம் இரவு விலைத் திட்டத்துக்கு மாற்றச் சொல்ல மறக்காதீர்கள். மாற்றாவிட்டால் ஹீட்டர் மட்டும் புதிது, பில் பழையது.

இனித்தான் சுவர்.

சுவருக்கு உள்ளாலும் காப்பு இடலாம், வெளியாலும் இடலாம். உள்ளால் இட்டால் அறை சிறுக்கும். வெளியால் இட்டால் செங்கல் முகம் மறையும், பாதுகாக்கப்பட்ட வட்டாரமென்றால் கவுன்சில் அனுமதி வேண்டும். இரண்டிலும் செலவு ஆயிரக்கணக்கில். அது மட்டுமா? பழைய சுவர் மழையைக் குடித்து வெயிலில் விடும் சுவர். அதன்மேல் தவறாக ஒன்றை ஒட்டினால் குடித்த நீருக்கு வெளியே போக வழியில்லை. பிரெஸ்டன் நகரில் ஃபிஷ்விக் என்றொரு பகுதி. 2013 அளவில் அங்கே 300க்கும் மேற்பட்ட வீடுகளுக்கு இலவசமாக வெளிச்சுவர்க் காப்பு ஒட்டினார்கள். ஏழை வீடுகளுக்கு நல்லது செய்யும் திட்டம்தான். யன்னல் ஓரத்திலும் பீலி ஓரத்திலும் மழை உள்ளே புகுந்தது. காப்புக்குப் பின்னால் நீர் நின்றது. உள்ளே பூஞ்சணம் ஏறியது. சூட்டுக்காகச் செய்தது ஈரமாக முடிந்தது.

அது பழைய கதை என்று தள்ளிவிடலாமா? 2025 ஒக்டோபரில் தேசியக் கணக்காய்வு அலுவலகம் அரச திட்டங்களின்கீழ் அண்மையில் செய்த வேலையைப் பற்றி அறிக்கை விட்டது. வெளிச்சுவர்க் காப்பு ஒட்டிய வீடுகளில் 98 வீதத்தில் திருத்த வேண்டிய பெரிய குறை. உட்சுவர்க் காப்பில் 29 வீதம். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு! “இலவசமாய்ச் செய்து தாறம்” என்று கதவு தட்டுகிறவரிடம் உடனே கையெழுத்து வைக்காதீர்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. சுவருக்குக் காப்பு இட்டால் கட்டடத்துக்குக் கேடு என்று தகுதியுள்ளவர் எழுதித் தந்தால், அதைக் காட்டி விலக்குப் பெறவும் விதியில் இடமுண்டு.

அதற்காகச் சுவரை ஒருநாளும் தொடவே கூடாதா? அப்படியில்லை. மான்செஸ்டருக்கு அருகே சால்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு விசித்திரமான வீடு இருக்கிறது. நூற்றாண்டுப் பழமையான வரிசைவீட்டின் மாதிரியில், பழைய செங்கலைக் கொண்டே, ஒரு பெரிய மண்டபத்துக்குள் கட்டிய வீடு. 2011இல் திறந்தது. மண்டபத்துக்குள் செயற்கையாகப் பனிக்குளிரை வரவழைத்து, வீட்டுக்குள் ஹீட்டிங்கைப் போட்டு, சூடு எந்த வழியால் போகிறது என்று கருவிகளால் பார்க்கிறார்கள். பிறகு கூரை, தரை, சுவர், யன்னல் என்று ஒவ்வொன்றாகக் காப்பு இட்டு மீண்டும் பார்க்கிறார்கள். முழு வேலையும் ஒழுங்காகச் செய்தபோது அந்த வீட்டைச் சூடாக்கும் தேவை பாதிக்கும் கீழே இறங்கியது. பழைய வீடு திருந்தும். ஒழுங்காகச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். பீலி ஒழுகினால் முதலில் பீலி. நனைந்த சுவர் காய்ந்தபின் காப்பு. மரத்தரைக்குக் கீழே காற்றுப் போகும் துளைக்கற்களை அடைக்காமல் விடுவது. குசினியிலும் குளியலறையிலும் ஈரத்தை வெளியே தள்ளும் விசிறி. வீட்டை இறுக்க இறுக்க, விசிறி இல்லாமல் முடியாது.

விசிறி என்றதும் சிரிப்பவர்களுக்கு ஒரு பெயர். அவாப் இஷாக். ரொச்டேல் நகரில் ஒரு சமூக வீட்டில் இருந்த இரண்டு வயதுப் பிள்ளை. 2020 டிசம்பரில் இறந்தது. நெடுங்காலம் பூஞ்சணத்தைச் சுவாசித்ததே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி சொன்னார். வீட்டைப் பற்றித் தந்தை முறையிட்டிருந்தார்; குடும்பத்தின் பழக்கவழக்கத்தின்மேல் பழி போட்டார்கள். அந்தப் பிள்ளையின் பெயரால் ஒரு சட்டம் 2025 ஒக்டோபர் 27 முதல் சமூக வீடுகளில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. தனியார் வாடகை வீடுகளுக்கும் அதை நீட்ட 2025ஆம் ஆண்டு வாடகையாளர் உரிமைச் சட்டம் வழி வைத்திருக்கிறது. “யன்னலைத் திறந்து விடும் தம்பி” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைக்கும் காலம் முடிகிறது.

கடைசியாகக் காசு. வீட்டுக்காரர் செலவழிக்கிறார், சூடு தம்பிக்கு. கேஸ் காசு குறைவது தம்பிக்கு. பிறகு வீட்டுக்காரர் ஏன் செலவழிக்க வேண்டும்? நாடு முழுக்க இந்த வேலை நிற்பது இந்தக் கேள்வியில்தான். நேர்மையான பதில் என்னவென்றால், முழுப் பணமும் வாடகையில் திரும்பி வராது. ஆனால் எதை இழக்கிறார் என்றும் பார்க்க வேண்டும். பூஞ்சண வீட்டில் ஆள் நிற்பதில்லை. ஆள் மாறும் ஒவ்வொரு தடவையும் ஒரு மாதம் வெறும் வீடு, ஒரு தடவை பெயின்ற். ஈஸ்ட்ஹாம் அடங்கிய நியூஹாமின் கவுன்சில் 2013 ஜனவரியிலேயே தன் எல்லை முழுக்கத் தனியார் வாடகை வீடுகளுக்கு உரிமம் கட்டாயமாக்கியது. எந்த வீடு வாடகைக்கு என்று அவர்களுக்குத் தெரியும். வீடுகளில் பூட்டும் காப்புப் பொருட்களுக்கும் அந்த வேலைக்கும் 2027 மார்ச் 31 வரை வற் வரி இல்லை. செய்வதானால் இப்போது மலிவு.

வாடகைக்கு இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீடு பார்க்கப் போகும்போது சான்றிதழைக் கேளுங்கள். காட்டியே ஆக வேண்டும். லொஃப்ட் வேலைக்கு ஆள் வந்தால் ஒருநாள் இடைஞ்சலைப் பொறுத்துக் கதவைத் திறந்து விடுங்கள்.

இன்றிரவு வீட்டுக்குப் போனதும் அண்ணைமார் ஒரு வேலை செய்யலாம். அரசாங்கத்தின் இணையப் பதிவேட்டில் தபால் குறியீட்டைப் போட்டால் உங்கள் வீட்டின் சான்றிதழ் யாருக்கும் திறக்கும். எந்த ஆண்டு எழுதியது, எந்த எழுத்து, முதலாவதாக என்ன திருத்தச் சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். சனிக்கிழமை தம்பிக்குப் போன் எடுத்து நேரம் கேட்டுக்கொண்டு, ஓர் அடிமட்டமும் டோர்ச்சுமாகப் போய் லொஃப்டில் ஏறுங்கள். 270 மில்லிமீட்டர் இல்லையென்றால், இறங்கி வந்து அந்தப் பிள்ளை இருமுகிற வீட்டுக்குள் நின்றுகொண்டே வேலையாளைக் கூப்பிடுங்கள்.